எதிர் மேசைக் கம்ப்யூட்டர்

அச்சகத்தில் பதினோரு வருஷமாகத் தட்டச்சு செய்கிற அக்காவுக்கு வயிறு எரிந்ததென்றால் அதற்கு ஒரே காரணம், எதிர் மேசைதான். அங்கே உட்கார்ந்திருக்கும் புதுப்பெண் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் பக்கம் பக்கமாகத் தட்டித் தள்ளுகிறாள். அக்காவின் கம்ப்யூட்டரோ, ஒரு ஃபைலைத் திறப்பதற்குள் ஒரு குட்டித் தூக்கமே போட்டுவிடலாம்.

"அவளுக்கு நல்ல மிஷினைக் குடுத்துட்டு, இந்தக் கிழத்தை என் தலையில கட்டிட்டாங்க. டைப் பண்ண நாலு பாடப்புத்தகம் வருது. யாருக்குன்னு முதலாளி திங்கட்கிழமை சொல்றாராம். அவளுக்குத்தான் போகும், பாருங்க!" என்று கணவரிடம் தினமும் மூக்கால் அழுதாள். கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்துவிட்டது.

கம்ப்யூட்டர் வேகமாக ஓட, முதலாளியை நச்சரித்துப் பெரிய அளவில் புது மெமரி அட்டை ஒன்று வாங்க வைத்தாள். வெள்ளிக்கிழமை புதுப்பெண் சாப்பிடப் போன நேரம் பார்த்து மெக்கானிக்கையும் வரவழைத்தாள்.

அவர் மூடியைக் கழற்றினார். "உங்களுதுல ரெண்டு மெமரி சொருகி இருக்கே! எதிர்ல உள்ளதுலதான் ஒண்ணே ஒண்ணு."

"என்ன உளர்றீங்க?"

"நான் போட்டதுதானேக்கா. ஆறு மாசம் முன்னாடி, நீங்க லீவுல இருந்தப்ப, உங்க மிஷின் படுத்துக்கிச்சு. அந்தப் பொண்ணுதான் தன்னோடதுல ஒண்ணைக் கழட்டி இதுல போடச் சொல்லிச்சு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னுச்சு."

அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. ஆறு மாசமாக அந்தப் பெண் பாதி மெமரியில் அல்லவா அத்தனையும் அடித்திருக்கிறாள்! சரி, வேகக்காரி, தொலையட்டும். நல்லவளாகவும் இருந்து தொலைக்க வேண்டுமா? எரிச்சல் இரட்டிப்பானது.

"அவ குடுத்ததை அவளுதுலயே போடுங்க. புதுசை என்னுதுல போடுங்க. யார் தயவும் எனக்கு வேணாம்."

புதுப்பெண் வந்து உட்கார்ந்தாள். இரண்டே நிமிஷத்தில் கத்தினாள்.

"அக்கா! என்னுது பறக்குதுக்கா! ஏதாவது பண்ணீங்களா?"

"எனக்கு வேற வேலை இல்லையா? தூசு தட்டியிருப்பாங்க."

எதிர் மேசையில் விசைகள் படபடவென்று பொரிய ஆரம்பித்தன. அக்கா தன் ஃபைலைத் தட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் அது திறந்துகொண்டது. திட்டுவதற்கு இனி கம்ப்யூட்டரும் இல்லை. திங்கட்கிழமைக்கு நடுவில் இரண்டு நாள்தான் இருந்தது.