கருணைக் கொடுப்பனவு

குருநகரில் கடலுக்குப் போகாத ஆம்பிளையை ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். வின்சன்ற் போகவில்லை, போக முடியாது. இரத்தம் உறையாத நோயோடு பிறந்தவன். மீன்முள் குத்தினாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஒன்றும் குத்தாமலே சில நாட்களில் முழங்காலுக்குள் இரத்தம் கசிந்து வீங்கிவிடும். கடற்றொழிலாளர் சங்கத்தின் மண்ணெண்ணெய்க் கடையில் அவனுக்கு வேலை. எண்ணெய் வாங்க வருகிறவர்களின் நடையையும் பேச்சையும் அப்படியே நடித்துக் காட்டுவான். அந்தப் பகிடிக்காகத்தான் யசிந்தா அவனைக் கட்டினாள். "ரத்தம் நிக்காதவனைக் கட்டி என்னடி செய்யப்போறாய்?" என்று தாய் கேட்டதற்கு, "சிரிச்சுக்கொண்டிருக்கப்போறன்" என்றாளாம்.

சண்டைக் காலத்தில் அவனுக்குரிய மருந்து யாழ்ப்பாணத்துக்கு வரவில்லை. கால் வீங்கினால் பல்லைக் கடித்துக்கொண்டு பாயில் கிடப்பான். சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்த பிறகுதான் மருந்து வந்தது. பிறர் தானம் செய்த இரத்தத்திலிருந்து பிரித்து, உறையவைத்து, ஐஸ் பெட்டிகளில் கொண்டுவருவார்கள். உருக்கி ஏற்றினால் வீக்கம் வற்றிவிடும். மகள் ஜெயனி அப்போது கைக்குழந்தை. அவளைத் தோளில் வைத்துக்கொண்டு வின்சன்ற் கோயில் திருநாளுக்கு நடந்தே போனான். அந்த மருந்துக்கு நன்றி சொல்லி யசிந்தா மெழுகுதிரி கொளுத்தினாள்.

அந்த மருந்தில்தான் எச்.ஐ.வி. இருந்தது. யாரோ இரத்தத்தைச் சரியாகப் பரிசோதிக்காமல் பிரித்து அனுப்பியிருந்தார்கள்.

தெரியவந்தபோது வின்சன்ற் மெலிந்து, எழும்ப முடியாமல் கிடந்தான். டொக்டர் யசிந்தாவையும் பிள்ளையையும் பரிசோதித்தார். பிள்ளைக்கு இல்லை. யசிந்தாவுக்கு இருந்தது. அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வருவதற்குள் செய்தி வந்துவிட்டிருந்தது. மருந்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. அவன் கிளினிக்குக்கென்று கொழும்புக்குப் போய்வந்ததைப் பற்றித்தான் கதைத்தார்கள். அங்கே எந்த லொட்ஜில் தங்கினான், யாரோடு தங்கினான் என்று, பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் மாதிரிச் சொன்னார்கள். அது அவன் காதிலும் விழுந்தது. அதற்குப் பிறகு அவன் யாரையும் நடித்துக் காட்டவில்லை. அடுத்த மழைக்கு முன்னமே செத்துப்போனான்.

யசிந்தா வேலை செய்த, நண்டு பதப்படுத்தும் கொம்பனியில் அவளை நிறுத்தினார்கள். வின்சன்றின் தங்கை நிரோஜினி படலைக்கு வெளியே நின்றபடி, "மச்சாள், குறை நினைக்காதேங்கோ. இனி என்ரை பிள்ளையள் இஞ்சை விளையாட வராயினம்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யசிந்தா வீட்டைப் பூட்டிக்கொண்டு பிள்ளையோடு உரும்பிராய்க்குப் போனாள். கடற்கரைக்காரி, செம்மண்ணில் குந்தியிருந்து வெங்காயத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கப் பழகினாள். தோட்டக்காரி குணலட்சுமிக்கு அவள் புருசனை இழந்த ஒரு பெண், அவ்வளவுதான். கிளினிக் நாட்களில் பிரசருக்கு மருந்து எடுக்கப் போகிறேன் என்பாள்.

ஜெயனி வளர்ந்து புடவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள்தான் ஒரு மாலை போனில் வந்த செய்தியை வாசித்துக் காட்டினாள். இரத்த மருந்தால் நோய் தொற்றியவர்கள் தெற்கில் வழக்குப் போட்டு, அது வருடக்கணக்காக இழுபட்டு, கடைசியில் அரசாங்கம் நட்டஈடு கொடுக்கத் தீர்மானித்திருந்தது. யசிந்தா திரும்பவும் வாசிக்கச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"மருந்தாலைதான் கொப்பருக்கு வந்ததெண்டு இனி எல்லாருக்கும் சொல்லுவினமோ?"

விண்ணப்பம் போட்டு, அரச அலுவலகத்தில் நடந்த விசாரணைக்கு இருவரும் போனார்கள். அதிகாரி தியாகலிங்கம் பண்பான மனிதர். இருக்கச் சொல்லி, மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டார்.

"இறந்தவருக்கு உரியது உங்களுக்குக் கிடைக்கும் அம்மா. உங்களுக்குத் தொத்தின வருத்தத்துக்குத்தான் ஒண்டும் இல்லை."

"ஏன் ஐயா? எனக்கு அவரிட்டை இருந்துதானே வந்தது."

"மருந்து ஏத்தினவைக்கு மட்டும்தான் எண்டு தீர்மானம். உங்களுக்கு ஆஸ்பத்திரியிலை ஒண்டும் ஏத்தேல்லை." சற்றுத் தயங்கினார். "வேறை வழியாலை வந்திருக்கலாம் எண்டு மேலிடத்திலை கேப்பினம்."

"எந்த வழியாலை?"

அவர் கோப்பின் பக்கங்களைப் புரட்டினார்.

"என்ரை மனுசனைத் தவிர நான் ஆரையும் தொட்டதில்லை. அதுக்குச் சாட்சி சொல்ல ஆரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுறியள்? அவர் சேமக்காலைக் குழியிலை கிடக்கிறார்."

ஜெயனி தாயின் கையைப் பிடித்தாள். தியாகலிங்கம் கையெழுத்து வைக்க வேண்டியதை எடுத்து வாசித்தார். அரசாங்கம் எந்தப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளாமல், மனிதாபிமான அடிப்படையில் இதை வழங்குகிறது என்று இருந்தது.

"மருந்தாலை வந்ததெண்டு எங்கையெண்டாலும் எழுதிக் கிடக்கோ?"

"இல்லை அம்மா."

"அப்ப என்னத்துக்கு ஐயா தாறியள்?"

"இது கருணைக் கொடுப்பனவு."

எழும்பிப் போய்விடத்தான் யசிந்தாவுக்கு மனம் வந்தது. ஆனால் இடுப்பு வலியில் தோட்டத்தில் குனிய முடியாத நாட்கள் கூடிக்கொண்டிருந்தன. "கையெழுத்தை வையுங்கோ அம்மா. வைச்சிட்டு வீட்டை போவம்," என்றாள் மகள். வைத்தாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

வின்சன்றின் ஆண்டுத் திருப்பலிக்கு அவள் குருநகருக்குப் போனாள். அவனுக்கு நோய் மருந்தால்தான் வந்ததென்று பூசையிலே ஒரு வார்த்தை சொல்லும்படி பங்குத்தந்தையிடம் கேட்டாள். "ஆத்துமத்துக்காகச் செபிப்பம் மகள். மற்றதைக் கிளறாதேங்கோ," என்றார் அவர். "எனக்கு ஒரு கலியாணம் பேசிவர வேண்டாமோ அம்மா?" என்று ஜெயனியும் அழுதாள். மகள் அழுததுதான் யசிந்தாவுக்குப் பொறுக்கவில்லை. என்றாலும் பூசை முடிந்து சனம் முற்றத்தில் நின்றபோது அவள் படியில் ஏறி நின்று சொன்னாள்:

"என்ரை மனுசன் ஒருத்தியிட்டையும் போகேல்லை. ஆஸ்பத்திரியிலை ஏத்தின மருந்தாலை வந்தது. அரசாங்கமும் எழுதித் தராதாம், சுவாமியும் சொல்லமாட்டாராம். அதாலை நான் சொல்லுறன்."

முதலில் வாய் திறந்தவள் நிரோஜினி.

"அண்ணை அப்பிடிப்பட்ட ஆளில்லை எண்டு எங்களுக்கு எப்பவும் தெரியும் மச்சாள்," என்று வந்து கட்டிப்பிடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அரசாங்கக் காசு கைக்கு வந்திட்டுதோ?" என்றாள்.

யசிந்தா அவள் கைகளை விலக்கிவிட்டு நடந்தாள்.

அந்தச் செய்தி உரும்பிராய்க்கும் போய்ச் சேர்ந்தது. குணலட்சுமி ஏசவில்லை. "இந்தமுறை வெங்காயம் நடேல்லை. இனி உன்னை மினக்கெடுத்தமாட்டன்," என்று மட்டும் சொன்னாள். அப்போது அவளுக்குப் பின்னால் நாலு பெண்கள் வெங்காயம் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

யசிந்தா குருநகருக்கே திரும்பி, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து கூட்டினாள். ஜெயனிக்குச் சரிவந்த ஒரு சம்பந்தம் குழம்பியது. அவள் தாயோடு கனநாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனாலும் தன்னுடைய நோய்க்கும் நட்டஈடு கேட்டு யசிந்தா போட்ட மேன்முறையீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான்.

விசாரணைக்குக் கூப்பிட ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. தியாகலிங்கம் மாற்றலாகிப் போய்விட்டார். அவருடைய கதிரையில் ஓர் இளம் பெண் இருந்தாள். கணினியைப் பார்த்தபடி, முன்னைய விபரம் ஒன்றும் தன்னிடம் இல்லை என்றாள்.

"உங்களுக்கு இந்த வருத்தம் எப்பிடி வந்தது அம்மா?"

யசிந்தா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.