பேத்தியின் மொட்டை நேர்ச்சை

என் மகனுக்கும் மருமகளுக்கும் கோர்ட்டில் விவாகரத்து ஆனது. இரண்டு வயதுப் பேத்தி தாயோடு மேலகரம் போய்விட்டாள். நானும் என் மனைவியும் பிள்ளையைப் பார்க்க வழி உண்டா என்று தென்காசி வக்கீலிடம் கேட்டோம்.

"மனு போடலாம் அண்ணாச்சி. உத்தரவு வாரதுக்குள்ள பிள்ளை பள்ளிக்கூடம் போயிரும்" என்றார்.

மனு போடுமுன் சம்பந்தியே போன் செய்தார். பிள்ளைக்கு அடிக்கடி காய்ச்சலாம். "உங்க குலசாமி சாஸ்தாவுக்கு நேர்ந்த மொட்டைய இன்னும் எடுக்கல. அதான் படுத்துதாருன்னு வீட்ல சொல்லுதா."

வழக்கு நடந்தபோது எங்கள் வீட்டில் ஒருவரையும் நம்பாதவர், எங்கள் சாஸ்தாவை மட்டும் நம்பினார்.

கோயிலில் மொட்டை போட்டு, சந்தனம் பூசி, பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். என் வேட்டியெல்லாம் சந்தனம்.

"இதோட உங்க சாமிக்குப் பாக்கி ஒண்ணும் இல்லல்லா?" என்று சம்பந்தி கேட்டார்.

எனக்குத் திக்கென்றது. கண்ணை மூடி, எல்லாருக்கும் கேட்கும்படி வேண்டினேன்.

"சாஸ்தாவே, பிள்ளைக்குக் காய்ச்சல் நின்னா, வருஷா வருஷம் பங்குனி உத்திரத்துக்கு அவ இங்கன வந்து உமக்குப் பொங்கல் வைப்பா."

"ஏன் அண்ணாச்சி, வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீரா?" என்றார் சம்பந்தி.

காய்ச்சல் நின்றது. மறு பங்குனிக்கு அவரே ஆட்டோ பிடித்து, பேத்தியைக் கூட்டி வந்தார்.