வெள்ளிக்கிழமைப் புகை

தியாகராசாவின் முழங்கால் ஹம்பேர்க்கிலேயே பழுதாகிவிட்டது. துறைமுகத்தில் கப்பல்களின் இயந்திர அறைகளைக் கழுவும் வேலை. அங்கே யன்னலோரம் காயப்போட்ட வெள்ளைச் சட்டை மாலைக்குள் சாம்பல் பூத்துவிடும். மனைவி சுந்தரேஸ்வரிக்குத் தெற்கே, பவேரியாவில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தபோது, நல்ல காற்றாவது கிடைக்கட்டும் என்று அவரும் கூட வந்தார். அவருக்குக் கிடைத்த வேலை, காற்று நல்லதா என்று அளக்கும் இடத்தில்.

மலையுச்சியில் இருந்த அந்த ஆய்வுநிலையத்தில் அவர் பராமரிப்பாளர். படிகளில் பனி வாருவார். கதவுப் பிணைச்சல்களுக்கு எண்ணெய் விடுவார். வெள்ளிக்கிழமை காலைகளில் இரும்பு ஏணியில் கூரைக்கு ஏறி, காற்றை உறிஞ்சும் குழாயின் வாயில் உறைந்திருப்பதைத் தட்டிவிட்டு, அதற்குள் இருக்கும் வட்டமான வடிதாளை எடுத்துப் புதியதை வைப்பார். எடுக்கும் தாள் ஒருநாளும் வெள்ளையாக இருந்ததில்லை.

"பள்ளத்தாக்கின் விறகடுப்பு, நெடுஞ்சாலை டீசல், கடலில் கப்பல், எங்கேயோ எரியும் காடு. எல்லாக் கரியும் இங்கே ஏறிவருகிறது, தியா" என்று ஆய்வாளர் யூலியா ஒருமுறை சொன்னார். முழுப்பெயர் அவருடைய நாவில் நிற்காது. "கீழே தெரிகிறதே பனியாறு, அதில்தான் படியும். கறுத்த பனி வெயிலை இழுக்கும். சீக்கிரம் உருகும்."

தியாகராசாவுக்குக் கப்பல் என்றது மட்டும் மனதில் தங்கியது. அந்தக் கரி தன்னைத் தேடி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அந்த மலையில் தமிழ் பேச அவருக்கு இருந்த ஒரே ஆள் பேனாட். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், தியாகராசாவுக்கு இளையவர். பனிச்சறுக்குச் சரிவுகளைச் சமப்படுத்தும் பெரிய டீசல் வண்டியை ஓட்டுபவர். குளிர்காலத்துக்குக் குளிர்காலம் புதுப்பிக்கப்படும் வேலை. சனி, ஞாயிறு கூட்டத்துக்காக வெள்ளி விடிய அவருடைய வண்டி நிலையத்தின் அடிவரை வரும்.

புதிய கருவி ஒன்று வந்த பிறகுதான் சிக்கல். அது காற்றிலுள்ள கரியை நிமிடத்துக்கு நிமிடம் கோடாக வரையும். ஒரு வெள்ளிக்கிழமை யூலியா திரையைக் காட்டினார். கோடு தாழ்வாக ஓடி, வெள்ளிதோறும் காலையில் முள்ளாகக் குத்திட்டு நின்றது.

"பேனாட்டின் வண்டிதான். வேறு என்ன இருக்கிறது? நிறுவனத்துக்கு எழுதப்போகிறேன், அது இந்தப் பக்கம் வரக்கூடாது."

இந்தச் சரிவு இல்லையென்றால் அடுத்த குளிர்காலம் பேனாட்டுக்கு வேலை இல்லை. தியாகராசா அன்று பேனாட்டுக்குக் காத்திராமல் கேபிள் காரில் இறங்கினார்.

மாலையில் சுந்தரேஸ்வரி சாமியறை என்று பேர்பெற்ற அலுமாரித் தட்டின் முன் கற்பூரம் கொளுத்தினார். கூரையில் இருந்த புகை அறிவிப்பான் வீரிட்டுக் கத்தியது.

"இஞ்சேருங்கோ! தொப்பி போட மறந்திட்டியளோ?"

குளிக்கும்போது தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பியை அறிவிப்பானுக்கு மாட்டிவிட்டுத்தான் அந்த வீட்டில் தீபாராதனை நடக்கும். வெள்ளிக்கிழமைகளில் அது தியாகராசாவின் பொறுப்பு. அவர் கதிரையில் ஏறி, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"என்னப்பா, அது காதைப் பிளக்குது, நீங்கள் அதோடை கதைச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

"சுந்தரி, உதுக்கு மூக்கு இருக்கு."

"இருக்கட்டும். மூடுங்கோ."

நிலையத்து ஏணியில் ஒருமுறை வழுக்கி, ஒரு கையில் தொங்கித் தப்பிய நாளிலிருந்து, வெள்ளி காலையில் ஏறுவதற்குமுன் அவரும் ஒரு கட்டிக் கற்பூரம் கொளுத்துவார். உச்சியில் காற்று எதையும் எரிய விடாது. சுவர் மறைப்பில் ஒரே ஒரு மூலைதான் உண்டு. அது குழாயின் வாய்க்கு நேர் கீழே.

திங்கட்கிழமை கேபிள் காரில் பேனாட்டிடம் சொன்னார். பேனாட் வாய்விட்டுச் சிரித்தார்.

"என்ரை டீசலை விட உங்கடை முருகன் கூடப் புகை விடுறாரோ, அண்ணை?"

"பகிடி விடாதை. நான் யூலியாவிட்டைச் சொல்லப்போறன்."

"விசரே அண்ணை? பென்ஷன் கிட்ட வந்திட்டுது. உங்களை நிப்பாட்டினால்? சும்மா இருங்கோ. எனக்கு லைசன்ஸ் இருக்கு, எங்கையாவது பஸ் ஓடுவன்."

"ஏலாது, பேனாட். ஒவ்வொரு வெள்ளியும் உன்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டு ஏணி ஏற என்னாலை ஏலாது. முழங்காலே பெரும்பாடாக் கிடக்கு."

அவர் சொன்னதை யூலியா முதலில் நம்பவில்லை. "இப்போது கொளுத்துங்கள்" என்றார். தியாகராசா மூலையில் குந்திக் கொளுத்தினார். திரையில் முள் எழுந்தது. யூலியா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, நெற்றியைக் கையில் தாங்கினார்.

"தாள் மாற்றுவதற்கு முன்னால்தானே கொளுத்துவீர்கள்?"

"ஓம்... ஆமாம்."

"அப்படியென்றால் நீங்கள் எடுத்துத் தந்த எல்லாத் தாளிலும் ஒரு கற்பூரம் இருக்கிறது."

அவர் கோபப்படவில்லை. பேனாட்டைப் பற்றிய கடிதத்தை அழித்தார். பழைய கணக்குகளைத் திருத்த உட்கார்ந்தார். அந்த வேலை இன்னும் முடியவில்லை. தியாகராசாவை வேலையிலிருந்து நிறுத்தவுமில்லை. "உச்சியில் தீ வேண்டாம்" என்றதோடு சரி. திட்டு விழுந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த வெள்ளி கற்பூரம் வீட்டிலேயே இருந்தது. ஏணியடியில் வழக்கம்போல நின்றார். செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் கையுறையை இழுத்துவிட்டு ஏறினார். இரண்டு கையாலும் பிடித்து, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து. கீழே பேனாட்டின் வண்டி வந்து ஹோர்ன் அடித்தது.

"அண்ணை, கோட்டிலை அந்த முள்ளு போயிட்டுதோ?"

"போயிட்டுது."

"அப்ப மிச்சக் கோடு?"

தியாகராசா அந்த வாரத் தாளை வெளியே எடுத்துப் பார்த்தார். சாம்பல் நிறம்தான். ஹம்பேர்க்கின் சட்டை போல.

"அது அப்பிடியே கிடக்கு" என்று கீழே பார்த்துச் சொல்லிவிட்டு, புதிய தாளை வைத்து மூடினார். பிறகு இறங்குவதற்குமுன் முழங்காலைச் சற்று நேரம் தடவிக்கொண்டிருந்தார்.