பேஸ் காணாமல் போன மாலை

வெள்ளிக்கிழமை காலை என் நான்கு பாடல்கள் வெளியாக வேண்டும். வியாழன் மதியம் மூன்று மணிக்கு, தேவராஜ மொஹல்லாவில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில், ஆள் உயர ஸ்பீக்கர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

பாடல்கள் என்கிறேனே தவிர, அதில் ஒரு வார்த்தை கிடையாது. கம்ப்யூட்டரில் செய்த, நெஞ்சை அதிரவைக்கும் அடி ஒலியே பிரதானமான முரட்டு பேஸ் இசை. ஒன்று ஆமை வேகத்தில் தொடங்கி, பாதியில் வெறி பிடித்து ஓடும். இன்னொன்றில் தமட்டைப் பறை அடியை எடுத்துக் கிழித்து, நசுக்கி, லாரி உறுமுகிற மாதிரி ஆக்கியிருந்தேன். இது எந்த வகை என்று கேட்டால் எனக்கே தெரியாது. தெரியாததில் எனக்குப் பெருமைதான். இணையத்தில் இசை வெளியிடும் ஒரு சின்னக் குழு, கேட்டவுடன் எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதியது. மூன்று நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரே குறை, அதை நான் சத்தமாகக் கேட்டதே இல்லை. அக்கா நர்ஸ். ராத்திரி டூட்டி முடித்து வந்து பகலில் தூங்குவாள். காலையும் மாலையும் டியூஷன் எடுக்கிற எனக்குக் கிடைப்பதும் அந்தப் பகல்தான். இரண்டே அறை வீடு. இரண்டு வருஷத்தையும் ஹெட்போனிலேயே ஓட்டிவிட்டேன்.

கடைக்காரர் எங்கள் சர்ச் திருவிழாவுக்கு மைக் கட்டுகிறவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்; தமிழில் கன்னடம் கலந்து பேசுவார். முதல் பாட்டைப் போட்டார். மேல் ஸ்தாயியில் இருக்கும் சிலம்பல் எல்லாம் பளிச்சென்று வந்தது. பேஸ் இறங்க வேண்டிய இடத்தில் கொசு பாடியது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எனக்கு மணியோசை மட்டும் வந்தது.

"எல்லிம்மா, எங்கம்மா பேஸ்? பொட்டி அசையவே இல்லையே."

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. எதிலும் இல்லை.

"உங்க பொட்டிதான் சரியில்லண்ணா" என்றேன், வாய்த்துடுக்காக. அவர் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார். கடை ஷட்டர் கிடுகிடுவென்று ஆடியது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"நாங்க ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா சேத்துதாம்மா விடுவோம். ஊர்வலத்துல எடப்பக்கம் நிக்கறவனுக்கு ஒண்ணு, வலப்பக்கம் நிக்கறவனுக்கு இன்னொண்ணுன்னா அடிக்க வருவான்."

அப்போதுதான் உறைத்தது. ஹெட்போனில் அகலமாகக் கேட்கட்டும் என்று அடிபேஸை இடக்காதுக்கும் வலக்காதுக்கும் நேரெதிராக வைத்திருந்தேன். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். தனித்தனியாகக் கேட்டால் பிரமாதம். சேர்த்துவிட்டால் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும். இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்கிற விஷயம் இது. ஸ்பீக்கர் பக்கமே போகாத மகராசி நான்!

ஆறு மணிக்குள் திருத்தி அனுப்பினால் குழு ஏற்றுக்கொள்ளும். இல்லையென்றால் பேஸே இல்லாத பேஸ் இசை என் பெயரில் வெளியாகும். வீட்டுக்கு ஓடினால் மறுபடி ஹெட்போன்தான். அன்றைய டியூஷனைத் தள்ளிவைத்துவிட்டு, இங்கேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். பேட்டரி ஒன்பது சதவீதம். சார்ஜர் வீட்டில்.

இரண்டு வருஷத்தில் முதல்முறையாக, தூங்குகிற அக்காவுக்குப் போன் செய்தேன்.

"யாருக்கு என்னடி ஆச்சு?"

"எனக்குதான்க்கா. சார்ஜர் வேணும்."

வாய்க்கு வந்தபடி திட்டினாள். அரைமணியில் ஆட்டோவில் வந்து இறங்கினாள், சீவாத தலையும் கையில் சார்ஜருமாக. கொடுத்துவிட்டு, ஓரத்தில் கிடந்த ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தவள், அப்படியே தூங்கிப்போனாள்.

நான்கு பாட்டிலும் பேஸை இரண்டு பக்கமும் ஒன்றாக்கி நடுவுக்குக் கொண்டுவந்தேன். ஐந்தரை ஆகிவிட்டது. "போடவாம்மா?" என்றார் அண்ணா. அக்கா தூங்குகிறாள், மெதுவாகப் போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போட்டுவிட்டார்.

காற்று வந்து நெஞ்சில் மோதியது. ஷட்டர் ஆடியது, மேசை மேல் டீ கிளாஸ் நகர்ந்தது, தெருவில் மூட்டை சுமந்து போனவர் நின்று திரும்பிப் பார்த்தார். நான் குதித்தேன். முப்பத்தொரு வயதில், நடுக்கடையில், வெட்கமே இல்லாமல் குதித்தேன். குதித்த வேகத்திலேயே நான்கையும் அனுப்பினேன். மணி ஐந்து ஐம்பது.

திரும்பினால் அக்கா எழுந்து ஸ்பீக்கர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். உள்ளங்கை பெட்டி மேல் இருந்தது.

"இதையா இத்தன நாளா பண்ணிட்டிருந்தே?"

"ம்."

"எனக்கு ஒரு சத்தமும் கேட்டதில்லையே."

"நீ தூங்கிட்டிருப்பேல்லக்கா."

அவள் என்னையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. தூக்கம் கெட்டதால் என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, மொதல்லேர்ந்து போடுங்க. சத்தத்த சொல்ப ஜாஸ்தியாவே வைங்க."