கன்னத்தில் கை வைத்த போட்டோக்காரர்

என் வீட்டுக்காரருக்குக் கடைவீதியில் நேர்க்கோடு என்று பெயர். பாஸ்போர்ட் படம் எடுக்க யார் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாலும், மோவாயை இரண்டு விரலால் பிடித்து, நூல் பிடித்த மாதிரி தலையை நிறுத்தாமல் பொத்தானை அழுத்த மாட்டார். "மூச்சாவது விடலாமா சார்?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர் எடுத்த படம் எந்த அலுவலகத்திலிருந்தும் திரும்பி வந்ததில்லை. அதில் மனிதருக்கு அப்படி ஒரு கர்வம்.

அந்தப் படங்கள்தான் திரும்பி வர ஆரம்பித்தன. தலை சாய்ந்திருக்கிறதாம். முதலில் மருந்துக்கடைக்காரர் படம், அப்புறம் தையல்காரம்மா படம். இவரோ, "ஊர்ல எல்லாருக்கும் கழுத்து கோணிப்போச்சு, அதுக்கு நான் என்ன பண்ண?" என்று எகிறினார். வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்த எங்கள் மகள், பாஸ்போர்ட் படத்துக்கு எதிர்க் கடைக்குப் போகட்டுமா என்று மெல்ல இழுத்தாள்.

"தாராளமா போ. அன்னிக்கே இந்தக் கடையை இழுத்துப் பூட்டிடறேன்."

சொன்னால் செய்கிற ஆள்.

கோளாறு எங்கேதான் இருக்கிறது பார்ப்போம் என்று நானே போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"இடது தோள் பக்கம் கொஞ்சம் சாயி. இன்னும். ஆங், இப்பதான் நேரா இருக்கே."

பக்கத்தில் தலை வாரிக்கொள்ளும் கண்ணாடி. ஓரக்கண்ணால் பார்த்தேன். நேராவது மண்ணாவது! என் தலை தோளில் கிடந்தது. காமிராவுக்குப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தால், அவர் தலை வலது தோள் பக்கம் சாய்ந்து, முகம் இடப்பக்கம் திரும்பி நிற்கிறது.

"ஏங்க, உங்க கழுத்துதான் திரும்பியிருக்கு!"

"உளறாதே." கண்ணாடி முன்னால் வந்து மோவாயைத் தடவிக்கொண்டார். தலை டக்கென்று நேரானது. "எங்க திரும்பியிருக்கு? காட்டு பாப்போம்."

எனக்குத் தலை சுற்றியது. கையை எடுத்தால் திரும்புகிறது, வைத்தால் நேராகிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. சவரம் செய்யும்போது கன்னத்தில் விரல் இருக்கும், கண்ணாடியில் எப்படித் தெரியும்? வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தாலும் கன்னத்தில்தான் கை. "கப்பல் கவுந்த மாதிரி கன்னத்துல கை வச்சுக்கிட்டு உக்காராதீங்க" என்று மாதக்கணக்காக அந்தக் கையைத் தட்டிவிட்ட புண்ணியவதி நான்தான்.

முகம் இடப்பக்கம் திரும்புகிறதே என்று இடப்பக்கமே தைலம் தேய்த்தேன். அது கேட்காமல் நரம்பு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனால், அவரோ தசையைத் தளர்த்துகிற ஊசியை முக்கியமாக வலப்பக்கம் போட வேண்டும் என்றார்.

"டாக்டர், திரும்பறது இந்தப் பக்கம்," என்று பதறினேன்.

"வலது காதுக்குப் பின்னாடியிலேருந்து நெஞ்செலும்பு வரைக்கும் ஒரு தசை இருக்கும்மா. அது இழுத்தா முகம் இடது பக்கம் திரும்பும். நீங்களே தொட்டுப் பாருங்க."

தொட்டுக்கொண்டே இடப்பக்கம் திரும்பினேன். வலப்பக்கம் கயிறாகப் புடைத்தது. சொந்தக் கழுத்தே இப்படிக் காலை வாரினால் யாரைத்தான் நம்புவது?

"அந்தத் தசையை இழுக்கச் சொல்றது யாரு?" என்றார் இவர்.

டாக்டரம்மா தன் பின்கழுத்தில் விரலால் மேலிருந்து கீழாகக் கோடு இழுத்துக் காட்டினார். "உள்ள தண்டுவடத்துல ஒவ்வொரு தசைக்கும் தனித்தனியா நரம்பு செல் வரிசை இருக்கு. இந்தத் தசையோட வரிசை மேல ஆரம்பிக்கும். தோளைத் தூக்கற தசையோட வரிசை அதுக்குக் கீழ. நடுவுல கொஞ்ச தூரம் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஓடும். மூளை சொன்னா வரிசை தசையை இழுக்கும்."

"அப்ப என்னோட வரிசை கெட்டுப்போச்சா?"

"இல்ல. அது சொன்னதைத்தான் செய்யுது. மேலேருந்து வர்ற உத்தரவுதான் தப்பா வருது."

"மேல இருக்கறது நான்தானே டாக்டர்? நான் நேரா பாருன்னுதானே சொல்றேன்?"

"அது ஏன்னு எங்களுக்கே இன்னும் முழுசா புரியல. விரல் பட்டா நேராகுதே, அதுதான் இந்த நோயோட அடையாளம்," என்று அவர் ஊசியை எடுத்தார். வேலை செய்யக் கொஞ்ச நாள் ஆகுமாம். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் "அப்ப உள்ள யாரு உத்தரவு போடறா?" என்று என் உயிரை எடுத்தார். எனக்கு என்ன தெரியும்!

மகளின் படத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. ஊசி இன்னும் பிடிக்கவில்லை. அவர் இடது கை விரல் தன் மோவாயிலேயே, வலது கை காமிராவில். மகள் தலையை நிறுத்த மூன்றாவது கைக்கு எங்கே போவது? நான் அவர் மோவாயைத் தொட்டுப் பார்த்தேன். ம்ஹூம். கட்டின பெண்டாட்டி கைக்குக் கழுத்து மசியவில்லை, அவர் விரலுக்குத்தான் கேட்கிறது. ஆத்திரமாக வந்தது.

"நீ அவ மோவாயைப் புடி. நான் சொல்றேன். வலது பக்கம். கொஞ்சம். போதும்."

எனக்கு அது கோணலாகத் தெரிந்தது. ஆனால் இத்தனை மாதமாக அவர் கோணலையே பார்த்துப் பழகின கண் ஆச்சே இது. யார் கண்ணை நம்புவது? கடையே இந்த ஒரு படத்தில் தொங்குகிறது.

"அம்மா, அப்பா சொல்றபடியே விடு," என்றாள் மகள், உதடு அசையாமல். விட்டுவிட்டேன்.

படம் திரும்பி வரவில்லை. பாஸ்போர்ட் வந்தது, விசா வந்தது. மகள் கடை வாசலிலேயே டாக்சி ஏறிப் போய்விட்டாள். படம் திரும்பி வரக்கூடாது என்று அப்படி வேண்டிக்கொண்டவர்களுக்கு, வராவிட்டால் அவள் போய்விடுவாள் என்பது உறைக்கவே இல்லை.

ஊசியும் பிடித்துவிட்டது. கழுத்து நன்றாக நிற்கிறது என்றார் டாக்டரம்மா. இப்போது எந்தப் படமும் திரும்புவதில்லை. ஆனால் ஆள் இல்லாத நேரத்தில் அவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது முகம் மட்டும் இடப்பக்கம், வாசலைப் பார்த்து நிற்கிறது.

"ஏங்க, நீங்களா திரும்பறீங்களா, அதுவா திரும்புதா?"

யோசித்தார். "தெரியலையேம்மா," என்றார். விரலை மோவாயில் வைத்துப் பார்த்தார். தலை வாசல் பக்கமே நின்றது.