விடிகாலையில் இறந்தவர் வைத்த விரல்

சோமனூர் பக்கம் ஒரு நூல் மில்லில் வருகைப் பதிவு சர்வரைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். சர்வர் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு, பேய் ஓட்டுவது அல்ல என்று மேனேஜரிடம் சொல்லியும் அவர் விடவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும்போது லாரி மோதி விடிகாலையில் இறந்துபோன ஒருவர், அதற்கப்புறம் காலை ஷிப்டுக்கு விரல் வைத்து உள்ளே வந்ததாகப் பதிவு காட்டியது. அது தெரிந்ததிலிருந்து அந்தக் கைரேகை மெஷினில் விரல் வைக்க ஒருவரும் துணியவில்லையாம்.

செத்தும் லீவு போடாத ஆள் என்று கிண்டலடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் சர்வர் அறை வாசலோடு நின்றுகொண்டார். உள்ளே ஏசி குளிர். சர்வர் பெட்டியில் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்திருந்தது. திரையில் அந்த மனிதரின் பெயரைப் பார்த்ததும் என்னையறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பயம்தான், வேறென்ன?

சந்தனத்தைப் பார்த்துத்தான் பூஜையைப் பற்றிக் கேட்கத் தோன்றியது. அவர் இறந்ததற்கு முந்தின நாள்தான் ஆயுத பூஜையாம். மற்ற மெஷின்களோடு சர்வரையும் அணைத்துப் பூஜை போட்டிருக்கிறார்கள். அணைத்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓடவைக்கும் பட்டன் பேட்டரி உள்ளே தீர்ந்துபோயிருந்ததால் அதற்கு நேரம் மறந்துவிட்டது. மாலையில் மறுபடி ஓட்டியபோது மேனேஜர் கையாலேயே நேரம் வைத்திருக்கிறார். தேதிக்குத் தினசரிக் காலண்டரைப் பார்த்தாராம். மறுநாள் நல்ல நேரம் பார்க்க அன்றைய தாளை மாலையிலேயே கிழித்துவிடுவது அவர் வழக்கம். மணிக்குச் சுவர்க் கடிகாரம். காலையா மாலையா என்பதை மாற்றவில்லை. அன்று மாலை இரவு ஷிப்டுக்கு வந்த எல்லோருமே மறுநாள் காலை வந்ததாகத்தான் பதிவாகியிருந்தது. இறந்தவர் பெயரைத் தாண்டி யாரும் கீழே படிக்கவில்லை.

நேரத்தைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தேன். இறந்தவருடைய மனைவி நின்றிருந்தார். அதே மில்லில் நூலைக் கோனில் சுற்றுபவர்.

"ஏனுங்க, இத்தன நாளா நான் கதவே சாத்தலீங்க. ஊட்டுக்கு வராம மில்லுக்கு மட்டும் வந்துட்டுப் போயிருக்காருங்களே."

அவர் முகத்தில் பயமே இல்லை. மனத்தாங்கல்தான் இருந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது. பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். உங்கள் வீட்டுக்காரர் செத்த பிறகு இங்கே வரவேயில்லை, கடைசியாகக் கிளம்பியது வீட்டுக்குத்தான் என்றேன்.

"நெசமாவே ஊட்டுக்குத்தானுங்களா?"

ஆமாம் என்றேன். இனியாவது அந்த அம்மா கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாகத் தூங்குவார் என்று நினைத்தேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப வந்துட்டுத்தான் இருக்காருங்க. கதவு தொறந்தே கெடக்கட்டும்."