ஒரே நிமிடத்தில் இரண்டு

எங்கள் அலுவலகத்தில் அவருக்குச் சாவிக்காரர் என்று பெயர். பூட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. சொந்த வீட்டுச் சாவியை வாரத்துக்கு இரண்டு முறை மேசைமேல் மறந்துவிட்டுப் போகிறவர். பேருந்து நிறுவனங்களுக்குக் கால அட்டவணை மென்பொருள் எழுதுவது எங்கள் பிழைப்பு. யார் எந்த நிரலைக் கொண்டுவந்து நீட்டினாலும் அவர் முதலில் கேட்பது, "இதுல சாவி எது?" என்பதுதான்.

கேள்வியில் நியாயம் உண்டு. நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் ஒரு வகைப் பெட்டகம் இருக்கிறது. அதில் எதைப் போட்டாலும் ஜோடியாகத்தான் போட வேண்டும்: ஒரு சாவி, அந்தச் சாவிக்கு உரிய ஒரு மதிப்பு. புறப்படும் நேரம் சாவி என்றால் பேருந்து மதிப்பு. எப்படி அள்ளிப் போட்டாலும் பெட்டகம் தானாகவே சாவிப்படி அடுக்கிக்கொள்ளும். ஐந்து மணி வண்டி முன்னால், பத்து மணி வண்டி பின்னால். இவ்வளவு சமர்த்தான பொருளுக்கு ஒரு குணக்கேடு இல்லாமல் இருக்குமா? ஒரு சாவிக்கு ஒரு மதிப்புதான் அதில் இருக்க முடியும். அதே சாவியோடு இரண்டாவது ஒன்று வந்தால், போடும் விதத்தைப் பொறுத்து, பெட்டகம் இரண்டில் ஒன்றைச் செய்யும். ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று சண்டை பிடித்து நிரலையே நிறுத்தும். அல்லது வாயைத் திறக்காமல் பழையதை வெளியே தள்ளிவிட்டுப் புதியதை அந்த இடத்தில் உட்கார வைக்கும். தள்ளப்பட்டது எங்கே போயிற்று என்று பிறகு கேட்டுப் பயனில்லை.

சாவிக்காரர் இந்த இரண்டாம் வழிக்குப் பரம எதிரி. ஒருமுறை எங்கள் குழுவில் ஒருவர் புறப்படும் நேரத்தை மட்டும் சாவியாக வைத்துவிட, எட்டேகாலுக்குக் கிளம்பும் இரண்டு வண்டிகளில் ஒன்று அட்டவணையிலிருந்து மறைந்தது. வண்டி என்னவோ ஓடியது. அது ஓடுவது ஓட்டுநருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அன்று சாவிக்காரர் ஒரு மணி நேரம் பேசினார். "சண்டை போடுற தப்பப் பத்திக் கவலையே வேணாம். சத்தம் போடாத தப்புதான் ஆளக் கவுக்கும்" என்றார். அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த எட்டேகால் வண்டி எங்கள் கூட்டங்களில் வந்து நின்றுவிட்டுப் போகும்.

அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை பார்த்தார். கணவரை எப்போது அழைத்தாலும் கூட்டத்தில் இருப்பார் என்பதால், அழைப்பதை விட்டுவிட்டு, பேசிப் பதிவுசெய்து செல்பேசியில் அனுப்பிவிடுவார். அதில் அவருக்கு ஒரு வழக்கம். ஒன்று அனுப்புவார், அதே நிமிடத்தில் இன்னொன்றும் அனுப்புவார். முதலில் சொன்னதைச் சற்றே மாற்றிக்கொள்வது இரண்டாவதின் வேலை. இதைச் சாவிக்காரர் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். கடைசியாகச் சொன்னதுதான் செல்லும் என்றால் முதலில் சொன்னதை எதற்குக் கேட்பது? கூட்டத்துக்கு நடுவே நடைவழிக்கு வந்து, இரண்டாவதை மட்டும் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, நிம்மதியாகத் திரும்பிப் போவார். பல ஆண்டுகள் இப்படியே நடந்தது. குடும்பத்தில் சண்டை என்பதே கிடையாது.

போன வருடம் அந்த அம்மாள் ஒரு சின்ன அறுவைக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். மூன்றாம் நாள் காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்கு இரண்டு செய்திகள் வந்தன. வாடிக்கையாளர்கள் வந்து உட்கார்ந்திருந்த நேரம். சாவிக்காரர் நடைவழிக்குப் போய் இரண்டாவதைக் கேட்டார். "அவசரமெல்லாம் ஒண்ணுமில்லங்க. வேலைய முடிச்சுட்டே வாங்க." முடித்துவிட்டே போனார். நான்கு மணிக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது, அந்த அம்மாள் இரண்டரைக்கே போய்விட்டிருந்தார்.

துக்கம் கேட்கப் போன எங்களிடம் அவர் ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். "இருபத்தெட்டு வருஷத்துல அவ எங்கிட்ட எதையும் கேட்டதே இல்ல." பெருமையாகத்தான் சொன்னார். நாங்களும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டோம்.

துக்கத்தை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகக் கழிக்கிறார்கள். அவர் நிரல் எழுதினார். மனைவியின் குரல் பதிவுகளையெல்லாம் கணினிக்கு மாற்றி, நாள் நேரப்படி அடுக்கி வைக்க ஒரு சின்ன நிரல். ஒவ்வொரு பதிவின் பெயரிலும் நாள், மணி, நிமிடம் இருந்தது, அதுவே சாவி. ஒரே நிமிடத்தில் இரண்டு பதிவு வந்திருந்தால், இரண்டாவதின் பெயருக்குப் பின்னால் ஒன்று என்ற எண்ணைச் செல்பேசி வாலாக ஒட்டியிருந்தது. அந்த வால் அவர் கண்ணை உறுத்தியது. வெட்டிவிட்டார். எட்டேகால் வண்டிக்காக ஒரு மணி நேரம் பேசிய அதே மனிதர்தான். எண்ணூற்று ஆறு பதிவுகள் உள்ளே போயின, நானூற்றுப் பதினொன்று வெளியே வந்தன. அதை நிரலே கடைசி வரியில் எழுதிக் காட்டியது, படித்தால்தானே. பழைய பதிவுகளை அழித்தார். தம்முடைய விரிசல் விட்ட செல்பேசியையும் மனைவியுடையதையும் துடைத்துச் சுத்தமாக்கி, அந்த வாரமே யாருக்கோ கொடுத்தும்விட்டார். ஒழுங்கானவர்களால் வரும் சேதத்தை ஒழுங்கற்றவர்களால் கனவிலும் செய்ய முடியாது.

மூன்று மாதம் கழித்து மகள் பத்து நாள் விடுப்பில் வந்தாள். வெளியூரில் பள்ளி ஆசிரியை. சாவிக்காரர் அவளை உட்காரவைத்து அம்மாவின் குரலை வருட வாரியாக ஒலிக்கவிட்டார். "வேணாம், நானே பாத்துக்கறேன்." "பரவால்ல, விடுங்க." "மழை விட்டுடுச்சு, நீங்க வர வேணாம்." "சும்மா சொன்னேன், மறந்துடுங்க."

இருபது முப்பது கேட்டதும் மகள் நிமிர்ந்தாள். "முதல்ல சொன்னதெல்லாம் எங்கேப்பா?"

அவருக்குப் புரியவில்லை. மகள் தன் செல்பேசியை எடுத்து அம்மா தனக்கு அனுப்பியதில் ஒன்றைத் தொட்டாள். "ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போறியாம்மா? கண்ணுலயே இருக்க." அடுத்ததைத் தொட்டாள். "சும்மா சொன்னேன். உனக்குப் பேப்பர் திருத்துற வேலை இருக்கும்."

அவர் கணினிப் பக்கம் திரும்பி, தாம் எழுதிய நிரலை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். முப்பது வரிகூட இல்லை. வாலை வெட்டும் வரியில் நின்றார். சத்தம் போடாத தப்பு. நிரல் செய்ததில் புதிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் அவரை அதிகம் உலுக்கியிருக்க வேண்டும். இத்தனை ஆண்டுகள் நடைவழியில் நின்று அவர் செய்ததையே அது இரண்டு நொடியில் செய்து முடித்திருந்தது. எதையுமே கேட்காத ஒரு மனைவி அவரிடம் மிஞ்சியிருந்தாள், நானூற்றுப் பதினொரு முறை.

அன்றே கணினியைத் தூக்கிக்கொண்டு, அழிந்ததை மீட்டுத் தருகிற கடைக்கு ஓடினார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அந்தப் பதினொன்று நாற்பத்திரண்டின் முதல் செய்தி. ஐந்து நாள் கழித்துக் கடைக்காரர் பத்தொன்பது கோப்புகளை மீட்டுக் கொடுத்தார். இரண்டு, ஒழுகும் குழாயின் படங்கள். பதினேழு, பழைய பேருந்து அட்டவணைகள். எட்டேகால் வண்டிகள் இரண்டும் அதில் பத்திரமாக இருந்தன.

அன்று மாலை அவர் மகளிடம் வேறொரு யோசனையோடு வந்தார். அவளிடம் இருப்பதையெல்லாம் முதலிலிருந்து வரிசையாகக் கேட்டால், எந்த இரண்டாவதுக்கு எந்த மாதிரி முதலாவது என்று பிடிபட்டுவிடுமாம். தம்மிடம் இருப்பதை வைத்து இல்லாததை ஊகித்துவிடலாமாம். மகள் மறுக்கவில்லை. ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டாள். அம்மா மருந்து வாங்கி வரச் சொன்னார், வேண்டாமென்றார். தலை சுற்றுகிறது என்றார், இப்போது தேவலை என்றார். மருத்துவமனையில் சேர்ந்த நாள் வந்தது. மறுநாளும் வந்தது. அதோடு செல்பேசியைக் கவிழ்த்து வைத்து, இவ்வளவுதான் என்றாள்.

வேறு யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். அவர் வரிசையிலேயே வாழ்ந்தவர்.

"மூணாம் நாள் எங்கேம்மா?"

"அன்னைக்கு எனக்கு ஒண்ணும் வரலப்பா."

"ஒரு நாள்கூட விடாம உனக்குப் பேசியிருக்கா. அன்னைக்கு மட்டும் எப்படி விடுவா?"

மகள் கவிழ்ந்த செல்பேசியை எடுத்து அந்த நாளைத் தேடினாள். பிறகு அதைத் திருப்பி அவர் கையில் கொடுத்தாள். பதினொன்று நாற்பதுக்கு இரண்டு இருந்தன. அவர் முதலாவதைத் தொட்டார்.

"அப்பாவக் கொஞ்சம் வரச் சொல்றியாம்மா? என்னமோ பயமா இருக்கு."

இரண்டாவதையும் தொட்டார்.

"வேணாம், நீ சொல்லாத. நானே அவர்கிட்ட சொல்லிடறேன்."

இரண்டு நிமிடம் கழித்துச் சொல்லியிருக்கிறார்.

அவர் அழவில்லை. அவளைக் கடிந்துகொள்ளவும் இல்லை. "அப்பவே ஏன் எனக்கு ஃபோன் பண்ணல நீ?" என்று மட்டும் கேட்டார். வகுப்பில் இருந்தேன் என்றாள். வெளியே வந்ததும் எதைக் கேட்டாய் என்று அவர் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். "நானும் ரெண்டாவதத்தான்பா முதல்ல கேட்டேன்." அப்பாவுக்கு மகள் தப்பாமல் பிறந்திருந்தாள் என்பதில் யாருக்கும் ஆறுதல் கிடைக்கவில்லை.

மகள் ஊர் திரும்பினாள். சாவிக்காரர் நிரலைத் திருத்தினார் என்று கேள்வி. ஒரு சாவிக்கு எத்தனை வந்தாலும் இடம் கொடுக்கும்படி மாற்றினார். வைப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் எங்கள் நிரல்களைப் பார்க்கும்போது சாவி எது என்று அவர் கேட்பது நின்றுபோயிற்று. யாராவது பேசி முடித்தால், "இதுக்கு முன்னாடி என்னமோ சொன்னீங்களே, அது என்ன?" என்பார். கூட்டங்கள் நீண்டன.

ஒரு வியாழக்கிழமை, வாடிக்கையாளர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, அவருடைய செல்பேசி அடுத்தடுத்து இரண்டு முறை அதிர்ந்தது. எழுந்து நடைவழிக்குப் போனார். திரும்பி வந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வீட்டுச் சாவி வழக்கம்போல மேசைமேல் கிடந்தது.

மகள் வீட்டுக்கு ஆறு மணி நேரப் பயணம். கதவைத் திறந்த மகளுக்கு லேசான காய்ச்சல், அவ்வளவுதான். அலுவலகப் பையோடு நிற்கிற அப்பாவைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"அதான் வர வேணாம்னு உடனே சொன்னேனேப்பா. கேக்கலையா?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"அத இன்னும் கேக்கலம்மா."